கடலில் மடிக்கணினிக்கு நெட்: குமரிக் கரைக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (குளச்சல்): பாய்மரப் படகில் கரையோரமாகப் போகும்போது மடிக்கணினியில் நெட் வேண்டும். என்ன வாங்கலாம்?

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். செல்போன் டவர் உயரத்தின் வர்க்கமூலம், உங்கள் ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலம், இரண்டையும் மீட்டரில் எடுத்துக் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால், அலை எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் வரும். 40 மீட்டர் டவர், கையில் 2 மீட்டர் உயரத்தில் போன் என்றால் 32 கிலோமீட்டர், அதாவது 17 கடல் மைல். ஆன்டெனாவைப் பாய்மரத்தில் 9 மீட்டருக்கு ஏற்றினால் 38 கிலோமீட்டர். கூடுதலாகக் கிடைப்பது மூன்றரை கடல் மைல்தான். இதுவும் உச்ச வரம்பு. ஆன்டெனாக்களை ஊரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருப்பார்கள், அதனால் பல இடங்களில் இதற்கு முன்பே சிக்னல் அறுந்துவிடும்.

அதையும் மீறி வேண்டுமென்றால், சிம் போடும் 4ஜி ரவுட்டரும் வெளி ஆன்டெனாவும் வாங்குங்கள். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். தூரத்துக்கு அவைதான் உதவும். ரவுட்டரை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே நீர் புகாத பெட்டியில் வைத்து, கீழே ஈதர்நெட் ஒயர் இறக்குங்கள். நீளமான ஆன்டெனா கேபிள் வந்த சிக்னலைத் தின்றுவிடும்.

கேள்வி (முட்டம்): மடிக்கணினியில் செருகும் நெட் டாங்கிளா, போன் ஹாட்ஸ்பாட்டா?

பதில்: போன். யூஎஸ்பி ஒயரில் இணையுங்கள், சார்ஜும் ஏறும்.

கேள்வி (கன்னியாகுமரி): சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் மாட்டலாமா?

பதில்: கூடாது. அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். கரையில் மற்றவர்களின் அழைப்பையும் கெடுக்கும்.

கேள்வி (தேங்காப்பட்டணம்): அண்ணாச்சி, உங்கள் கணக்கு தப்பு. எங்கள் அண்ணனுக்கு 60 கிலோமீட்டரில் போன் எடுத்தது.

பதில்: எடுத்திருக்கும் தம்பி, நான் மறுக்கவில்லை. 9 மீட்டர் ஆன்டெனாவுக்கு 60 கிலோமீட்டர் எட்ட, டவர் கடல்மட்டத்திலிருந்து 130 மீட்டருக்கு மேல் நிற்க வேண்டும். பின்னால் மலை இருக்கும் நம் மாவட்டத்தில் அது நடக்கக்கூடியதுதான். இன்னொன்று, காற்று அடங்கிய நாளில் நீர்மட்டத்துக்கு மேலே ஈரக்காற்று அடுக்கு அலையை வளைத்துத் தூரம் கொண்டுபோகும். காற்று எழும்பியதும் அது கலைந்துவிடும். சிக்னல் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது அந்த நேரத்தில்தானே?

கேள்வி (தேங்காப்பட்டணம், மீண்டும்): போனில் சிக்னல் கட்டம் முழுசாகக் காட்டியதே?

பதில்: கட்டம் காட்டுவது டவர் உங்களிடம் பேசுவதை. 4ஜியில் உங்கள் போன் திருப்பி அனுப்புவது பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட். டவரின் சத்தம் உங்களுக்குக் கேட்கும், உங்கள் சத்தம் அதற்குக் கேட்காது. அண்ணனிடம் கேளுங்கள், அன்று படம் ஏதாவது அனுப்ப முடிந்ததா என்று.

கேள்வி (தூத்தூர்): அப்பா ஆழ்கடலில் தங்கல் போகிறார். வாட்ஸ்அப்பில் பேச வழி உண்டா?

பதில்: டவரை நம்பி முடியாது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் படகுகளுக்குக் கொடுக்கப்படும் ட்ரான்ஸ்பாண்டர் இருக்கிறதா என்று மீன்வளத்துறையில் கேளுங்கள். செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குக் குறுஞ்செய்தி போகும், புயல் எச்சரிக்கை படகுக்கு வரும். 2017 ஒக்கி புயலில் எச்சரிக்கை எட்டாத படகுகள் உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் நிறையப் போயிருந்தன. படகின் விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான சேனல் 16 எப்போதும் திறந்திருக்கட்டும்.

கேள்வி (மணக்குடி): சாட்டிலைட் போன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா?

பதில்: அனுமதியில்லாமல் வேண்டாம், கைது வரை போகும். முறையான இணைப்பு பிஎஸ்என்எல் வழியாகக் கிடைக்கும்.

கேள்வி (ராஜாக்கமங்கலம்): நல்ல பூஸ்டர் எது?

பதில்: எதுவும் இல்லை. மேலே படியுங்கள்.

கேள்வி (சின்னமுட்டம்): படகு பேட்டரியில் மடிக்கணினி சார்ஜ் ஏறுமா?

பதில்: ஏறும். டைப்-சி மடிக்கணினி என்றால் 60 வாட்டுக்குக் குறையாத கார் சார்ஜர் போதும், இன்வெர்ட்டர் தேவையில்லை. இடையில் ஃப்யூஸ் போடுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.