வயிற்று உறைப் புற்றுநோய்: ஆபரேஷனுக்கு முன் வாசகர்களின் சில கேள்விகள்

பெட் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. அப்புறமும் லேப்ராஸ்கோப்பி (துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பது) வேண்டுமாம். பணம் பறிக்கிறார்களா?

இல்லை. பெரிட்டோனியத்தில், அதாவது வயிற்று உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் உறையில், 5 மி.மீ.க்குக் குறைந்த முடிச்சுகள் சி.டி. ஸ்கேனிலும் பெட்டிலும் பெரும்பாலும் தப்பிவிடும். சளி சுரக்கும் கட்டிகள் பெட்டில் மங்கலாகவே தெரியும். சிறுகுடல் மேல் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பதை கேமரா விட்டுப் பார்ப்பதே மேல். துளைகள் நடுக்கோட்டில் இருந்தால் நல்லது. துளைத் தழும்பில் நோய் வந்தாலும் பெரிய ஆபரேஷனில் அதையும் சேர்த்து எடுத்துவிடலாம்.

பி.சி.ஐ. (உறையில் நோய் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்ற எண்) 39க்கு 18. பாதி தேறிவிட்டோமா?

இது பரீட்சை மார்க் இல்லை, குறைந்தால்தான் நல்லது. வயிற்றை 13 பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுகிறார்கள். பெருங்குடல் நோயில் 20ஐத் தாண்டினால் பல சர்ஜன்கள் தயங்குவார்கள். சூடோமிக்ஸோமாவில் (வயிறு முழுக்கச் சளி சேரும் அரிய நோய்) 30 இருந்தாலும் இறங்குவார்கள். உங்களுக்கு எந்த உறுப்பில் தொடங்கிய நோய்? அதை எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் ஜோசியமா சொல்ல முடியும்?

அம்மாவுக்கு வயிற்றில் நீர், ரத்தத்தில் சி.ஏ.125 என்ற புற்றுநோய்க் குறியீடு 600. ஓவரி கேன்சர்தானே? கீமோவை எப்போது தொடங்கலாம்?

பயாப்ஸி (சதைத் துண்டுப் பரிசோதனை) எங்கே? கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை. சி.ஏ.125 என்பது பெரிட்டோனியம் எதனால் எரிச்சலடைந்தாலும் ஏறும். எண்டோமெட்ரியோசிஸில் (கர்ப்பப்பை உள்சவ்வு வெளியே வளரும் நோய்) ஏறும், கல்லீரல் சுருங்கி நீர் கோத்தாலும் ஏறும். நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது வயிற்று டி.பி. அதிலும் நீர் சேரும், ஒமெண்டம் (குடல் மேல் தொங்கும் கொழுப்புத் திரை) தடிக்கும், எடை குறையும், சி.ஏ.125 நூற்றுக்கணக்கில் போகும். சி.டி.யில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கேமராவில் பார்த்தாலும் அதே வெள்ளை முடிச்சுகள்தான், அனுபவசாலிகளும் ஏமாந்திருக்கிறார்கள். ஆறு மாத மாத்திரையில் தீர வேண்டிய டி.பி.க்கு ஓவரியையும் கர்ப்பப்பையையும் எடுத்த கதைகள் உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நீரை எடுத்து அதில் ஏ.டி.ஏ. என்ற என்சைம் அளவைப் பாருங்கள், 40க்கு மேல் போனால் டி.பி. சந்தேகம் வலுக்கும். நீரில் கேன்சர் செல் இல்லை என்று வந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். சதைத் துண்டு பார்க்காமல் கீமோவும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

காண்ட்ராஸ்ட் (படம் தெளிய நரம்பில் ஏற்றும் மருந்து) இல்லாமல் சி.டி. எடுக்கலாமா?

எடுக்கலாம், பிரயோஜனம் குறைவு. அந்த மருந்துக்குக் கிட்னி ஒத்துழைக்காவிட்டால் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. என்ற வகை ஸ்கேனைக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டை அனுப்பினேனே, ஏன் பதில் இல்லை?

மூன்று பக்க ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கம் மட்டும் வந்தது, அதுவும் தலைகீழாக. ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டையும் பயாப்ஸி ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு உங்கள் சர்ஜனிடம் நேரில் போங்கள்.