தபால் வாக்கு 'பெறப்பட்டது' என்றே நிற்கிறதா?
அமெரிக்கத் தேர்தலுக்கு அனுப்பிய தபால் வாக்கின் நிலை, இணையத்தில் பார்த்தால் ஐந்து நாளாகியும் 'ஏற்கப்பட்டது' என்று மாறவில்லை, நேரில் போய் மறுபடி வாக்களிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். பொதுவாக அங்கே உறையின் பார்கோடு ஸ்கேன் ஆனதுமே 'பெறப்பட்டது' வந்துவிடும். பல மாநிலங்களில் உறைமேல் நீங்கள் போட்ட கையெழுத்தைப் பதிவிலுள்ளதோடு (அது ஓட்டுநர் உரிமத்துக்குப் போட்டதாகவும் இருக்கலாம்) ஒப்பிட்ட பிறகுதான் ஏற்பார்கள்; தேர்தல் நெருக்கத்தில் இதற்கே நாளாகும். சிக்கினால் பெரும்பாலும் இங்கேதான்: கையெழுத்தே இருக்காது, அல்லது ஓட்டுநர் உரிமத்தில் முழுப்பெயர், உறையில் வெறும் இனிஷியல்.

இன்றே உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போல) தேர்தல் அலுவலகத்துக்கு போன் போட்டு, கையெழுத்தில் சிக்கலா என்று நேரடியாகக் கேளுங்கள். பல மாநிலங்களில் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுச் சரிசெய்துவிடலாம். கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போனால் பெரும்பாலும் 'ப்ரொவிஷனல்' வாக்குச்சீட்டுதான் (தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணப்படும் தற்காலிகச் சீட்டு) தருவார்கள். தபால் வாக்கு ஏற்கப்பட்டிருந்தால் இந்தத் தற்காலிகச் சீட்டை எண்ண மாட்டார்கள்.