38 லட்சம் போட்டால் வாகனம் எங்கே போகும்?

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். காட்டுக்கும் சேற்றுக்கும் ஓட வாகனத்தை உயர்த்தலாமா, எவ்வளவு முடியும், போட்ட காசுக்குப் பெறுமா? இந்த முறை ஐந்து பேருடையதை எடுத்திருக்கிறேன். சிலருக்கு நீளமான பதில், சிலருக்கு நாலு வரி. யாரும் கோபிக்க வேண்டாம்.

*என்னிடம் 1996 ஹைலக்ஸ் டபுள் கெப் இருக்கிறது, 3எல் எஞ்சின். நாலு அங்குலம் உயர்த்தி, 33 அங்குல மட் டயர், முன்னுக்கும் பின்னுக்கும் டிப் லொக் (இரண்டு சில்லையும் சேர்த்துச் சுற்ற வைக்கிற பூட்டு), வின்ச் (புதைந்த வண்டியை வடத்தால் இழுக்கிற கருவி), இரும்புப் புல் பார், கூரை ரேக் எல்லாம் போட்டு, எஞ்சினையும் 1கேஇசட் ஆக மாற்றித் தர 38 லட்சம் என்கிறார்கள். தினமும் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகிறேன். மாதத்தில் ஒரு நாள் கூட்டாளிமாரோடு உன்னிச்சைப் பக்கமோ பாணமைப் பக்கமோ போவோம். செய்யலாமா அண்ணன்? (களுவாஞ்சிகுடி)*

காசு உங்களுடையது தம்பி, செய்யலாம். ஆனால் பெறுமா என்று கேட்டால், பெறாது.

மாதம் ஒரு நாள் என்றால் வருடத்துக்குப் 12 நாள். ஐந்து வருடம் வைத்திருந்தால் 60 நாள். 38 லட்சத்தை 60 ஆல் பிரித்துப் பாருங்கள். ஒரு நாள் பயணத்துக்கு 63,000 ரூபாய்க்கு மேல் விழுகிறது. டீசல் வேறு, சாப்பாடு வேறு. விற்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதுவும் நடக்காது. வாங்க வருகிறவன் செசியை, அதாவது அடிச் சட்டத்தைப் பார்ப்பான், பதிவுப் புத்தகத்தைப் பார்ப்பான். வின்ச்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “இதுகளைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்க, விலையைக் குறையுங்க” என்பான்.

இன்னொன்று, 38 லட்சம் 38 லட்சத்தோடு நிற்காது. 31 அங்குல டயர் ஓடிய வண்டிக்கு 33 போட்டால் ஆறரை வீதம் உயர்ந்த கியரில் ஓடுவது போல ஆகிவிடும். ஏற்றத்தில் எஞ்சின் முக்கும், மீற்றர் 100 காட்டும்போது வண்டி 106இல் ஓடும். சரி, கியர் விகிதத்தை மாற்றுவோம் என்றால் முன் டிபரன்சல், பின் டிபரன்சல் (அச்சின் நடுவில் சில்லுகளைச் சுற்ற வைக்கிற பல்சக்கரப் பெட்டி) இரண்டையும் திறக்க வேண்டும். நாலு அங்குலம் உயர்த்தினால் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொபெல்லர் சாப்ட் சரிந்து நிற்கும், அதன் ஜொயின்ட் தேயும். பிரேக் குழாய் நீளம் போதாது. ஸ்டியரிங் கம்பி கோணல் விழும். ஒன்றைத் தொட்டால் மூன்று எழும்பும், மூன்றுக்கும் தனித்தனி பில் வரும்.

இவ்வளவும் செய்து என்ன உயர்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பொடியும் செசியும்தான் மேலே போகும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் இடிபடுவதோ அச்சின் நடுவில் தொங்கும் டிபரன்சல் பூசணிக்காய். அதை உயர்த்துவது டயர் மட்டும். 31க்கும் 33க்கும் வித்தியாசம் 2 அங்குலம், அதில் பாதிதான் அச்சுக்குக் கீழே கிடைக்கும். நாலு அங்குலம் உயர்த்திய வண்டியில் டிபரன்சலுக்குக் கீழே கூடியது 1 அங்குலம்!

பாரத்தையும் யாரும் சொல்ல மாட்டார்கள். இரும்புப் புல் பார் 60 கிலோ, வின்ச் 40, ரேக் 40, பெரிய டயரும் ரிம்மும் ஸ்பெயரோடு சேர்த்து இன்னொரு 50. திருத்துகிற கருவிகள், தண்ணீர்க் கான் எல்லாம் வைத்தால் 250 கிலோவைத் தொடும். நாலு மூடை நெல்லை வருடம் முழுக்க ஏற்றிக்கொண்டு கந்தோருக்குப் போய்வருகிற கணக்கு இது. அந்தக் கோலத்தில் குருமண்வெளித் துறையில் நீங்கள் வந்து நின்றால், மண்டூர்ப் பாதை (வாவியைக் கடக்க வாகனம் ஏற்றுகிற மிதவை) ஓட்டுகிறவர் முதலில் வண்டியைப் பார்ப்பார், பிறகு தன் பாதையைப் பார்ப்பார்.

எஞ்சினை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். 3எல் 2,779 சிசி, டர்போ இல்லை, கம்பியூட்டர் இல்லை. சத்தம் போடும், மெதுவாகப் போகும், எந்தக் கிராமத்துக் கராஜிலும் திறந்து மூடலாம். 1கேஇசட்டில் வயர் கூட்டமும் கம்பியூட்டர் பெட்டியும் சேர்ந்து வரும். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் எஞ்சின் ஹெட்டில் வெடிப்பு விழும் என்று பெயரெடுத்த எஞ்சின் அது. புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டால் விற்கிற நாளில் புத்தகத்தோடு அலைய வேண்டியும் வரும்.

உங்களுக்குத் தேவையானது நல்ல 31 அங்குல ஓல் டெரெயின் டயர் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது), களைத்துப்போன ஸ்பிரிங் பிளேட்டுக்குப் புதுப் பிளேட், நாலு சொக் (அதிர்வு தாங்கி), ஒரு இழுவைப் பட்டி, 12 வோல்ட் காற்றுப் பம்பி, காற்று அளக்கிற மீற்றர். அவ்வளவுதான். உகந்தைக்குப் போகிற வழியில் ஒருமுறை மணலில் அச்சு வரை புதைந்து நின்ற ஒரு பெரிய ஜீப்பைக் கண்டேன். பையன்கள் மண்வெட்டியும் வியர்வையுமாக நின்றார்கள். வால்வுக் கட்டையை ஈர்க்கினால் அமத்திப் பிடித்து நாலு டயரிலும் 35 பிஎஸ்ஐ இலிருந்து 18க்குக் காற்றை இறக்கச் சொன்னேன். டயரின் அடி மெல்லப் பரந்து, நாய் நாக்குப் போல நீண்டு மணலில் படிந்தது. இரண்டாம் கியர், அமத்தாத கால். தானாக ஏறி வந்தது. அந்த ஜீப்பில் எத்தனை லட்சம் கிடந்ததோ, வெளியே எடுத்தது ஒரு ஈர்க்குக் குச்சி. தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்பக் காற்று அடிக்க மறந்துவிடாதீர்கள், டயரின் பக்கச்சுவர் சூடேறிப் போய்விடும்.

*வெல்லாவெளிப் பக்கம் வட்டையில் எங்களுக்கு வயல். பெரும்போகத்தில் கிழமைக்கு நாலு நாள் வயல் வாடிக்கு (காவல் குடிசைக்கு) போய்வர வேண்டும். மாரியில் பாதை முழுக்கச் சேறும் தண்ணீரும். டபுள் கெப்புக்கு ஸ்நோர்க்கல் போட்டால் போதும் என்று மகன் சொல்கிறான். (பழுகாமம்)*

ஐயா, இந்த முறை எழுதியவர்களில் காசு போட்டால் பெறும் என்று நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான். ஐப்பசி முதல் மாசி வரை 20 கிழமை, கிழமைக்கு நாலு நாள். ஒரு போகத்துக்கே 80 நாள். களுவாஞ்சிகுடித் தம்பி ஐந்து வருடத்தில் ஓடுவதை விடக் கூட.

ஆனால் ஸ்நோர்க்கல் மட்டும் போதாது. எஞ்சின் மூச்சு விடுகிற வாயை அது உயரத்துக்குக் கொண்டுபோகிறது, வேறு வேலை அதற்கில்லை. அந்த வாயால் தண்ணீர் போனால் டீசல் எஞ்சினில் கொன்ராட் (பிஸ்டனைத் தாங்குகிற கம்பி) வளைந்துவிடும் என்பது உண்மை, அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது டிபரன்சலின் காற்றுக் குழாய். பத்து மைல் ஓடிச் சூடான டிபரன்சல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கினால் எங்காவது உறிஞ்ச வேண்டும். மேலே உள்ள சின்னக் காற்றுத் துளையாலும் சீலாலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியில் ஒன்றும் தெரியாது. சிறுபோகம் தொடங்கும்போது ‘ஊ’ என்று ஊளை கேட்கும். போல்டைத் திறந்தால் தேன் நிறத்தில் வர வேண்டிய ஓயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வடியும். அப்போது பெயரிங்கும் போயிருக்கும், பல்லும் போயிருக்கும். இரண்டு டிபரன்சலுக்கும் கியர் பெட்டிக்கும் ரப்பர் குழாய் கொழுவி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். அரை நாள் வேலை, ஸ்நோர்க்கலை விட மலிவு.

உங்கள் களிமண்ணுக்கு மட் டயர் சரி. பின் டிப் லொக்கும் சரி. ஒரு சில்லு சேற்றில் சும்மா சுற்ற, மற்றது அசையாமல் நிற்கிற வியாதிக்கு மருந்து அதுதான். உயர்த்துவதென்றால் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீருக்குள் ஓடி வந்த பிறகு பிரேக் டிரம்முக்குள் சேறு கிடக்கும், கழுவுங்கள். வாவிக்கரை உவர்த் தண்ணீர் என்றால் அன்றைக்கே செசிக்குக் கீழேயும் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும்.

மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். நிற்கிற தண்ணீர் வேறு, ஓடுகிற தண்ணீர் வேறு. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தையே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை நாங்கள் மறக்கவில்லை. அதை விடப் பாரம் குறைந்தது உங்கள் கெப். அணை மேலால் தண்ணீர் பாய்கிற நாளில் எந்த ஸ்நோர்க்கலும் வேண்டாம், வீட்டில் நில்லுங்கள்.

*நானா, எனது ஜீப்புக்கு 12,000 இறாத்தல் வின்ச் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. எடுக்கவா? (காத்தான்குடி)*

தனியாகக் காட்டுப் பக்கம் போவீர்களென்றால் எடுங்கள். இன்னொரு வாகனத்தோடு போவீர்களென்றால் இழுவைப் பட்டியும் அதைக் கொழுவ இரண்டு சக்கிளும் (இரும்பு வளையம்) போதும். எங்கள் கடற்கரையில் வின்ச் கொழுவ மரம் எங்கே இருக்கிறது நானா? பனைக்கு நோகாமல் கட்ட அகலப் பட்டி வேறு வாங்க வேண்டும். எடுத்தால் கம்பி வடத்தைக் கழற்றி நூல் வடம் போடுங்கள். கம்பி அறுந்தால் ஆளை வெட்டும்.

*குமணைக்கு வெளிநாட்டுக்காரரை ஏற்ற, பழைய கெப் ஒன்றை லீசிங்கில் எடுத்து, பின்னால் உயரமான ஆசனங்களும் 33 அங்குல டயரும் போட்டு சபாரி ஜீப் ஆக்க யோசிக்கிறேன். (பொத்துவில்)*

தொழிலுக்கென்றால் கணக்கு வேறு. அறுகம்பையில் ஆட்கள் நிற்பது சித்திரையிலிருந்து ஐப்பசி வரை, லீசிங் கட்டுவது பன்னிரண்டு மாதமும். மாரி மாதங்களின் தவணையைக் கோடையிலேயே ஒதுக்கி வைக்க முடியுமா என்று முதலில் எழுதிப் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகள் தங்க விலைக்குப் போயின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருட விலையை மனதில் வைத்து இன்றைக்குப் பழையதை வாங்காதீர்கள்.

33 அங்குலம் வேண்டாம். சீசனில் குமணைப் பாதை காய்ந்த கிரவல், அங்கே தேவை மெத்தென்ற ஸ்பிரிங்கும் நிழலும்தான். ஆசனத்தை உயர்த்தி வண்டியையும் உயர்த்தினால் ஏழு பேரின் தலை காற்றில் ஆடும், வளைவில் கவிழும். ஆசனம் மாற்றியதைப் பதிவிலும் காப்புறுதியிலும் எழுத்தில் ஏற்றாமல் ஒரு ஆளையும் ஏற்ற வேண்டாம்.

*வாப்பாவின் 4டிஆர்5 (மிட்சுபிஷி டீசல் எஞ்சின்) ஜீப் வளவுக்குள் நிற்கிறது. சுனாமியில் கடல் தண்ணீருக்குள் நின்ற வண்டி. பிறகு கழுவிப் பத்து வருடம் ஓடினார். அதைத் திருத்தி, நல்ல ஓப் ரோட் ஜீப் ஆக்கினால் பெறுமா? (அக்கரைப்பற்று)*

காசுக் கணக்கில் பெறாது. அது உங்களுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்கிறீர்கள்.

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுங்கள் தம்பி. செசியை முன்னிருந்து பின்னுக்கு ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு போங்கள். ‘டிங்’ என்றால் இரும்பு. ‘பொத்’ என்றால் உள்ளே துரு தின்றுவிட்டது. செசியில் பெட்டி மாதிரி மூடிய இடங்களில் 2004இல் உள்ளே போன உப்பு கழுவுப்படாமல் அங்கேயே இருந்திருக்கும். ஸ்பிரிங் கொழுவும் இடங்களிலும் ஸ்டியரிங் பெட்டி பொருத்திய இடத்திலும் கூடத் தட்டுங்கள். அங்கே ‘பொத்’ கேட்டால் ஓட்டை மேல் தகடு வைத்து ஒட்டுகிற வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம். கழற்றி முழுத் துண்டாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கட்டும்.

‘டிங்’ என்று முழுக்கக் கேட்டால் உங்களுக்கு நல்ல காலம். 2,659 சிசி டீசல், ஒரே தண்டாக இருக்கிற இரண்டு அச்சு, ஓட்டத் தெரிந்தவனுக்கு அது போகாத இடம் குறைவு. உயர்த்தவும் வேண்டாம், லொக்கும் வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், வயரிங், டயர் நாலையும் செய்து, வாப்பா ஓட்டின மாதிரியே ஓடுங்கள். செசித் தட்டலில் என்ன கேட்டது என்று எழுதுங்கள், அதன் பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.