மண்ணிலிருந்து வீட்டுக்குள் வரும் ரசாயன ஆவி: விரிசலை அடைத்தால் போதுமா?

கேள்வி: நாங்கள் குடியிருக்கும் இடத்தில் முன்பு டிரை கிளீனிங் கூடம் இருந்தது. மண்ணில் டிரை கிளீனிங்குக்குப் பயன்படும் கரைப்பானான பெர்குளோரோஎத்திலீன் இருப்பதாக ஆய்வில் தெரிந்தது. வீட்டில் வாசனை எதுவும் இல்லை. தரை விரிசல்களை அடைத்தால் போதுமா?

பதில்: போதாது. வாசனை இல்லை என்பதையும் நம்ப வேண்டாம். மூக்கு உணர்வதற்கு வெகு முன்பே இந்த ரசாயனம் கெடுதல் செய்யும் அளவை எட்டிவிடும்.

வீட்டுக்குள் காற்றழுத்தம் மண்ணில் உள்ளதைவிட ஓரிரு பாஸ்கல் (அழுத்தத்தின் மிகச் சிறிய அலகு) குறைந்தாலே ஆவி மேலே இழுக்கப்படும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலே அந்த நிலை வந்துவிடும். விரிசலை அடைத்தாலும் சுவரும் தரையும் சேரும் இடுக்கு, குழாய் நுழையும் துளை, தண்ணீர் வற்றிய தரை வடிகால் எனப் பல வழிகள் மிஞ்சும். அடைப்பது அவசியம்தான், ஆனால் அது துணை வேலை. முக்கிய வேலை, தரைக்கு அடியில் அழுத்தத்தை வீட்டைவிடக் குறைவாக வைப்பது.

முதலில் அளவிடுங்கள். வெற்றிடக் கலன்களில் (உள்ளிருக்கும் காற்றை அகற்றி மூடிய கலன்கள்) வீட்டுக் காற்றையும் வெளிக்காற்றையும் 24 மணி நேரம் சேகரிக்க வேண்டும். அதே நாளில் தரைக்கு அடியிலிருந்தும் மாதிரி எடுங்கள். பெயின்ட், ஸ்ப்ரே, டிரை கிளீனிங் செய்த துணிகளை முன்கூட்டியே அகற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் ஆவியை மண்ணின் ஆவி என்று எண்ணிவிடுவோம். ஆக்சிஜன் இல்லாத மண்ணில் இந்த ரசாயனம் சிதைந்து ட்ரைகுளோரோஎத்திலீனாகவும் வினைல் குளோரைடாகவும் மாறும். அவற்றையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ட்ரைகுளோரோஎத்திலீன் கருவின் இதயத்தைப் பாதிக்கலாம் என்ற கவலை உண்டு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தாமதிக்கவே கூடாது.

அடுத்தது உறிஞ்சும் அமைப்பு. தரையைத் துளைத்து, அடியில் சுமார் 40 லிட்டர் மண்ணைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியில் 10 செ.மீ. பிவிசி குழாயை இறக்கி, அதில் உறிஞ்சும் ஃபேனை இணைக்க வேண்டும். எத்தனை குழி என்பதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். ஒரு குழியில் தற்காலிகமாக உறிஞ்சி, தூர மூலைகளில் சிறு துளையிட்டு, உறிஞ்சல் அங்கே எட்டுகிறதா என்று மைக்ரோமானோமீட்டரில் (மிகச் சிறிய அழுத்த வித்தியாசத்தையும் காட்டும் கருவி) பாருங்கள். ஜல்லிப் படுக்கையில் ஒரு குழியே பெரும் பரப்புக்குப் போதும். ஈரக் களிமண்ணில் உறிஞ்சல் எட்டாது. பல குழிகளும் அதிக அழுத்தம் தரும் ஃபேனும் வேண்டும். அடியில் ஓடும் அஸ்திவாரச் சுவர்களும் குறுக்கே தடுக்கும்.

ஃபேனை வீட்டுக்குள் பொருத்தவே கூடாது. ஃபேனுக்கு மேலுள்ள குழாயில் காற்று தள்ளப்படுவதால், சிறு கசிவு இருந்தாலும் அடர்ந்த ஆவி அறைக்குள்ளேயே கொட்டும். வெளிச்சுவரில் வைத்து, கூரைக்கு மேலே, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வெளியேற்றுங்கள். குழாய் குழியை நோக்கிச் சரிவாக இருந்தால்தான் உள்ளே சேரும் ஈரம் திரும்பி வடியும். எரிவாயு ஹீட்டர் இருந்தால் ஃபேன் ஓடும்போது அதன் புகை உள்ளே திரும்புகிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

இதெல்லாம் முடியும்வரை, ஆவியை ஈர்த்துப் பிடிக்கும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன் பல கிலோ கொண்ட காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். ஹெப்பா ஃபில்டர் மட்டும் இருந்தால் பயனில்லை. அது தூசியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

குழாயில் யூ வடிவ அழுத்தமானி ஒன்று மாட்டுங்கள். அதன் இரு பக்கத் திரவமும் சம மட்டத்தில் நின்றால் உறிஞ்சல் நின்றுவிட்டது என்று பொருள். சில வாரம் ஓடியபின் வீட்டுக் காற்றை மறுபடி சோதியுங்கள்; வேறு பருவத்திலும் ஒருமுறை.