புல்வெளிக்குள் ஒளிந்த பள்ளம்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலேயப் பூங்காக்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'அந்தப் பூங்காக்களில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வெட்டியும் கொட்டியும் உருவாக்கியவை. சிலவற்றுக்காக ஊர்களையே அகற்றினார்கள்' என்று எழுதியிருந்தீர்கள்.

சென்ற கோடையில் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பிளெனிம் மாளிகையைப் பார்த்தோம். ஏரியும் சரிவும் தனித்து நின்ற ஓக் மரங்களும் மனதை நிறைத்துவிட்டன. அதற்கு முன் பார்த்த வெர்சாய் தோட்டத்தில் கத்தரித்த செடிகளும் கயிறு பிடித்துப் போட்டதுபோன்ற பாதைகளும் என்னை மூச்சு முட்ட வைத்தன. பிளெனிமில் நிலத்தை அதன் போக்கிலேயே விட்டிருக்கிறார்கள். பிரான்சில் தனி ஒருவரின் ஆட்சி, இங்கிலாந்தில் நாடாளுமன்றம். அந்த வேறுபாடு தோட்டத்திலேயே தெரிகிறது என்றார் எங்கள் வழிகாட்டி. எனக்கும் அது சரியென்றே பட்டது. அழகான ஒன்றைப் பார்த்தாலும் அதற்குள் அதிகாரத்தைத் தேட வேண்டுமா?

அன்புடன்,
ம., கோவை

அன்புள்ள ம.,

பிளெனிமிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பார்த்த ஏரி 1764க்கு முன் அங்கே கிடையாது. கிளைம் என்ற சிற்றாறு ஓடிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே, அரை நூற்றாண்டுக்கு முன்பே, வான்புரோ என்ற கட்டடக் கலைஞர் உள்ளே அறைகள் கொண்ட ஒரு மாபெரும் பாலத்தை எழுப்பியிருந்தார். அத்தனை பெரிய பாலம், அடியில் அவ்வளவு கொஞ்சம் தண்ணீர். லேன்ஸ்லட் பிரவுன் என்ற பூங்கா வடிவமைப்பாளர் வந்தபோது பாலத்தைத் தொடவில்லை. கீழ்ப்புறத்தில் அணை போட்டுத் தண்ணீரை ஏற்றினார். பாலத்தின் கீழ் அறைகள் மூழ்கின. பாலத்துக்கு ஏற்ற நீர்ப்பரப்பு வந்து சேர்ந்தது. அணை இருக்கும் இடம் மாளிகையிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது.

'நிலத்தை அதன் போக்கிலேயே விட்டிருக்கிறார்கள்' என்று உங்களுக்குத் தோன்றியதல்லவா, அப்படித் தோன்றவைக்கத்தான் அவருக்குக் கூலி கொடுத்தார்கள். 1716இல் நார்தம்பர்லாந்தின் ஒரு சிற்றூரில் பிறந்து, தோட்ட வேலையில் தொடங்கி, 150க்கும் மேற்பட்ட பூங்காக்களை அமைத்தவர் பிரவுன். ஏரி நீரைப் பிடித்துவைக்கக் களிமண்ணை நீர்விட்டுக் குழைத்து, மிதித்து, அடுக்கடுக்காக இறுக்கினார்கள். நம் ஊரில் ஏரிக்கரை போட்டவர்களுக்கு அந்த வேலை அத்துப்படியாக இருந்திருக்கும். எல்லாம் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் குதிரையும் கொண்டு செய்தவை. புல்வெட்டும் இயந்திரம் 1830இல்தான் வருகிறது. அதுவரை மாளிகையை ஒட்டிய புல்லை, விடியலில் பனி காயும் முன்பே, நீண்ட அரிவாள்களால் ஆட்கள் சீவினார்கள். விருந்தினர் எழுந்துவந்து பார்க்கும்போது புல்வெளி மட்டும் இருக்கும். சீவியவர்கள் இருக்க மாட்டார்கள்.

இந்தக் கலையின் உயிர்நாடி மறைப்பதில் இருக்கிறது என்று நான் கருதுவதற்கு முதல் சான்று, 'ஹா-ஹா' என்று அவர்கள் அழைத்த பள்ளம். புல்வெளியின் ஓரத்தில் ஓர் அகழி வெட்டுவார்கள். மாளிகைப் பக்கம் செங்கல்லாலோ கருங்கல்லாலோ செங்குத்தாகச் சுவர். எதிர்ப்பக்கம் புல் போர்த்திய சரிவு. மேய்ச்சல் நிலத்திலிருந்து வரும் மாடு சரிவில் இறங்கும், சுவரைக் கண்டு திரும்பிவிடும். மாளிகைச் சன்னலில் நிற்பவருக்குச் சுவரும் தெரியாது, பள்ளமும் தெரியாது. தன் காலடியிலிருந்து தொடுவானம் வரை ஒரே பச்சை, எல்லாம் தன்னுடையது. வேலி இல்லாததுபோல் தெரியும் வேலி இது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் பிரிட்ஜ்மன் என்ற தோட்டக் கலைஞர் இதை ஸ்டோ போன்ற பூங்காக்களில் பெரிய அளவில் கையாண்டார். அவருக்குப் பின் ஓவியராக இருந்து தோட்டத்துக்கு வந்த வில்லியம் கென்ட் 'வேலியைத் தாண்டிக் குதித்து, இயற்கை முழுவதுமே தோட்டம் என்று கண்டார்' என எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் எழுதினார். வேலியைத் தாண்டியது கென்டின் கண். மாடும் அதை மேய்த்தவரும் பள்ளத்துக்கு அப்பால்தான் நின்றார்கள்.

உங்கள் வழிகாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஸ்டோவின் உரிமையாளர், கோபம் என்ற பெயர்கொண்ட பிரபு, 1733இல் பிரதமர் ராபர்ட் வால்போலை எதிர்த்துப் பதவி இழந்தவர். அவர் தன் அரசியலைத் தோட்டத்தில் எழுதினார். பண்டைய அறத்துக்கு ஒரு முழுமையான கோயில். அதன் அருகே, இக்கால அறம் இதுதான் என்று காட்ட, வேண்டுமென்றே இடிபாடாகக் கட்டிய இன்னொன்று. பிரிட்டனின் தகுதியாளர்கள் என்று 16 மார்பளவுச் சிலைகள். பிரான்சின் நேர்கோடுகளை அடக்குமுறை என்றும், வளைகோடுகளைச் சுதந்திரம் என்றும் அந்தத் தலைமுறை உளமார நம்பியது.

ஆனால் யாருடைய சுதந்திரம்? அந்தக் கோயில்களுக்கு நடுவே மரங்களுக்குள் பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. ஸ்டோ என்ற ஊரின் தேவாலயம் அது. ஊர் அகற்றப்பட்டுவிட்டது, தேவாலயம் தங்கிவிட்டது. 1723இல் அதே நாடாளுமன்றம் 'கறுப்புச் சட்டம்' என்று பெயர்பெற்ற ஒரு சட்டத்தை இயற்றியது. முகத்தில் கரி பூசிக்கொண்டு பூங்காவில் மான் வேட்டையாடுவதும், பிறர் தோட்டத்து மரத்தை வஞ்சகமாக வெட்டுவதும், மீன்குளத்தின் கரையை உடைப்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. வளைந்து செல்லும் அந்தக் கரைகளுக்குத் தூக்குக்கயிறு காவல் இருந்தது. இதை அறிந்த பிறகு வெர்சாயில் அதிகாரம், பிளெனிமில் விடுதலை என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஊர் அகற்றம் பற்றிய என் வரி மிகை என்று நினைப்பீர்களானால் டார்செட்டின் மில்டன் ஆபஸைப் பாருங்கள். அங்கிருந்த பழைய மடாலயத்தை 1752இல் வாங்கினார் ஜோசப் டேமர், பின்னாளின் மில்டன் பிரபு. அதை ஒட்டி மிடில்டன் என்ற சந்தை ஊர் இருந்தது. கடைகளும் மதுவிடுதிகளும், 'இலக்கணப் பள்ளி' என்று அவர்கள் அழைத்த உயர்நிலைப் பள்ளியும் கொண்ட உயிருள்ள ஊர். மாளிகைக்கு அருகே அந்த இரைச்சல் அவருக்குப் பிடிக்கவில்லை. குத்தகைகள் முடிய முடிய வீடுகளை இடித்தார். சற்றுத் தள்ளி ஒரு பள்ளத்தாக்கில், வளைந்த தெருவின் இருபுறமும், ஒரே அச்சில் வார்த்ததுபோல் வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையுமாகப் புதிய வீடுகள் எழுந்தன. அந்தப் பணிகளில் பிரவுனுக்கும் கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸுக்கும் பங்கு உண்டு. நகர மறுத்த ஒரு வழக்கறிஞரின் வீட்டை, குளத்து மதகைத் திறந்துவிட்டு மூழ்கடித்தார் பிரபு என்றும், வழக்கறிஞர் வழக்குப் போட்டு வென்றார் என்றும் கதை உண்டு. இலக்கணப் பள்ளியை விரட்ட நாடாளுமன்றச் சட்டமே தேவைப்பட்டது. 1785இல் அது பிளாண்ட்ஃபோர்டுக்குப் போனது. இன்று அந்தப் புதிய தெருவை நாட்காட்டிகளில் அச்சிடுகிறார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்பது நம்மையும் தொடும் கேள்வி. ஆற்காட்டில் பெயரெடுத்துச் சென்னைக் கோட்டையின் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்ட ராபர்ட் கிளைவ், 1769இல் சர்ரேயில் கிளேர்மான்ட் தோட்டத்தை வாங்கி, பழைய மாளிகையை இடித்துவிட்டுப் புதியது கட்டப் பிரவுனை அமர்த்தினார். 1774இல் இறந்துபோனார், அதில் நிலைத்து வாழவே இல்லை. ஸ்காட்லாந்தில் இன்னும் நேரடியான சான்று இருக்கிறது. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த தளபதி ஹெக்டர் மன்றோ, தன் நிலத்தில் ஃபைரிஷ் குன்றின் மேல், அந்நகர வாயிலின் சாயலில் வளைவுகள் கொண்ட ஒரு சின்னத்தை எழுப்பினார். அது இன்றும் அங்கே நிற்கிறது. நாகையின் வாயில் யாரோ ஒருவரின் தோட்டக் காட்சியாகிவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பிரவுனுக்குப் பின்வந்த ஹம்ஃப்ரி ரெப்டனிடம் இந்தக் கலை தன்னையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாடிக்கையாளர்களுக்குச் சிவப்புத் தோலட்டை போட்ட நூல்களைத் தயாரித்துக் கொடுப்பது அவர் வழக்கம். ஓவியத்தின் மேல் ஒரு காகித மடிப்பு இருக்கும். மூடியிருந்தால் இன்றைய நிலம், தூக்கினால் வரப்போகும் நிலம். 1816இல் வெளியான தன் கடைசி நூலில், எசெக்ஸில் தான் வாழ்ந்த வீட்டின் முன்புறத்தையே அப்படி வரைந்திருக்கிறார். மடிப்பைத் தூக்கும் முன்: சாலை, இறைச்சி தொங்கும் கசாப்புக் கடை, வேலியோரம் உடல் ஊனமுற்ற ஒரு பிச்சைக்காரர். தூக்கிய பின்: ஊர்ப் பொதுநிலத்தில் ஒரு துண்டு தோட்டத்தோடு சேர்ந்திருக்கிறது, பூச்செடிகள் நிற்கின்றன, இறைச்சி கண்ணில் படவில்லை, பிச்சைக்காரர் இல்லை. அப்போது ரெப்டனே 1811இன் வண்டி விபத்துக்குப் பிறகு நடமாட்டம் குன்றியிருந்தார். அதே நூலில் இன்னொரு படத்தின் வழியே, வழிப்போக்கர் அமரும் மரத்தடி இருக்கையை எடுத்துவிட்டு உயர்ந்த வேலி போட்டு, 'ஆட்பொறி வைக்கப்பட்டுள்ளது' என்று, அத்துமீறுபவரின் காலைக் கவ்வும் பொறியைச் சொல்லி மிரட்டும் பலகை மாட்டும் புதுப்பணக்கார நிலவுடைமையாளர்களைக் கடுமையாகச் சாடியவரும் அவரே. இரண்டு படங்களையும் வரைந்த கை ஒன்றுதான் என்பதால் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

அழகை ரசிக்கக்கூடாதா என்று கேட்கிறீர்கள். நான் ரசிக்கிறேன், உங்களைப் போலவே. அங்கே இல்லாமல் போனவர்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் நான் கேட்பது. அடுத்த முறை போகும்போது பிளெனிமுக்கு அருகிலேயே இருக்கும் ரவுஷம் பூங்காவைப் பார்த்துவிடுங்கள். ஜேம்ஸ் டோர்மர் என்ற தளபதிக்காக 1738 முதல் 1741 வரை கென்ட் அமைத்தது. பின்வந்தவர்கள் அதிகம் கைவைக்கவில்லை. என் பார்வையில் அந்த நூற்றாண்டின் ஆகச் சிறந்த பூங்கா அதுதான். தொலைவில் தெரிந்த ஆலையைக் கென்ட் மறைக்கவில்லை. அதற்குப் பழங்காலச் சாயல் கொடுத்துக் காட்சிக்குள் கொண்டுவந்தார். மரங்களுக்கு நடுவே ஒரு சாண் கல் வாய்க்காலில் தண்ணீர் நெளிந்து ஓடும். அதை ஒட்டி நடங்கள். அங்கே கடையோ சிற்றுண்டிச் சாலையோ கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. சிறு பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை என்று ஒரு விதியும் வைத்திருக்கிறார்கள்; பேரப்பிள்ளைகளோடு போவதானால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.