வாசகர் கேள்வி: எலும்புச் சீழைக் கண்டுபிடிக்க எந்த ஸ்கேன்?

கேள்வி: அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்து கம்பி வைத்து ஒன்பது மாதம் ஆகிறது. வலியும் வீக்கமும் போகவில்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் இறங்கவில்லை. எலும்பு ஸ்கேன் ‘பாசிட்டிவ்’ என்று வந்த பிறகும், ரத்தம் எடுத்து இன்னொரு ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். ஒன்று போதாதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியம் (கதிர்வீச்சுப் பொருள்) கலந்த மருந்து கிருமியைத் தேடிப் போவதில்லை. புது எலும்பு எங்கே உருவாகிறதோ அங்கே ஒட்டிக்கொள்கிறது. ஊசி போடும்போதே ரத்த ஓட்டம், சில நிமிடத்தில் திசுவில் தேங்கிய ரத்தம், 2 முதல் 4 மணி நேரம் கழித்து எலும்பு என்று மூன்று கட்டமாகப் படம் எடுப்பார்கள். அடிபடாத எலும்பில் மூன்றிலும் ஒரே இடம் பளிச்சென்று தெரிந்தால் சீழைச் சந்தேகிக்கலாம். அப்பாவின் எலும்போ முறிந்து, துளைபட்டு, இப்போது கூடிக்கொண்டிருக்கிறது. கிருமியே இல்லாவிட்டாலும் ஒரு வருடத்துக்கு மேல்கூட அந்த இடம் ஒளிரும். ‘நெகட்டிவ்’ என்று வந்திருந்தால்தான் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது, வெள்ளணு ஸ்கேன். சுமார் 40-50 மில்லி ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றில் டெக்னீசியம் ஏற்றி அவருக்கே திரும்பச் செலுத்துவார்கள். கிருமி இருக்கும் இடத்துக்கு அவை தாமாகவே போய்ச் சேரும். 3-4 மணி நேரத்தில் ஒரு படம், 20-24 மணி நேரத்தில் இன்னொரு படம். இரண்டாவதில் அந்த இடம் இன்னும் அழுத்தமாகவோ பெரிதாகவோ தெரிந்தால் தொற்று. மங்கினால் பெரும்பாலும் தொற்று இல்லை. அதனால் மறுநாள் படத்தைத் தவறவிடாதீர்கள். கூடவே சி.டி.யும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சீழ் எலும்பிலா, மேலே சதையிலா என்பது அதில்தான் பிரியும்.

வெள்ளணு மென்மையானது. குலுக்கினாலோ மெல்லிய ஊசி வழியே அழுத்தினாலோ அடிபடும். அடிபட்ட அணுக்கள் நுரையீரலிலேயே தங்கிவிடும். ரத்தத்தைத் திரும்பச் செலுத்தும் முன் குழாயில் எழுதிய பெயரையும் எண்ணையும் நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆள் மாறிப் போகவே கூடாத ரத்தம் அது.

ஒன்று: தோலில் துளை விழுந்து, அது கம்பி வரை போகிறது என்று தெரிந்தால் அதுவே தொற்றுக்குச் சான்று. அப்போது ஸ்கேன் எடுப்பது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க மட்டுமே.

கேள்வி: அம்மாவுக்கு முதுகெலும்பில் தொற்று என்று சந்தேகம். பேஸ்மேக்கர் இருப்பதால் எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்கிறார்கள். வெள்ளணு ஸ்கேன் எடுக்கலாமா? சர்க்கரையும் உண்டு.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முதுகெலும்புக்கு அது ஒத்துவராது. அங்கே தொற்று இருந்தாலும் பல நேரம் வெள்ளணுக்கள் உள்ளே போகாமல் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். பழைய முறிவும் அப்படியே தெரியும். எஃப்.டி.ஜி. பெட்-சி.டி.யைக் கேளுங்கள். எஃப்.டி.ஜி. என்பது கதிர்வீச்சு ஏற்றிய, சர்க்கரை போன்ற மருந்து. குறைந்தது 4-6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை 200-க்குள் இருப்பது நல்லது. கிளம்பும் அவசரத்தில் இன்சுலின் போட்டுக்கொண்டால் அந்த மருந்து அதிகமாகத் தசைக்குள் போய்ப் படம் கெட்டுவிடும். எந்த வேளை ஊசி என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

புற்றும் காசநோயும்கூடப் பெட் ஸ்கேனில் ஒளிரும். கிருமியின் பெயரை எந்த ஸ்கேனும் சொல்லாது. ஊசியால் எலும்புத் துணுக்கு எடுத்து, கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) காசநோய்ப் பரிசோதனைக்கும் திசு ஆய்வுக்கும் அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். காய்ச்சலோ கால் மரத்துப்போவதோ இல்லாதவரை, துணுக்கு எடுத்த பிறகு மருந்து தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.