கூரையைப் பாருங்க, காலம் தெரியும்

கேள்வி: இங்க கலிஃபோர்னியாவுல பழைய சாமான் சந்தையில ஒரு கலர் போஸ்ட்கார்டு வாங்கினேன். 'கார்மெல் மிஷன்'னு போட்டிருக்கு. ஸ்டாம்பைக் கிழிச்சதுல போஸ்ட்மார்க்கும் போச்சு, பின்னாடி பென்சில்ல யாரோ நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்காங்க. எந்தக் காலத்து கார்டு இது? எழுத்தை அழிச்சுட்டு ஃபிரேம் போடலாமா?
- வாசகர், சான் ஓசே

பதில்: அய்யோ, ரப்பரைத் தொடாதீங்க! அந்தக் கார்டை கையில வச்சிருந்த ஒரு ஆளோட குரல் மிச்சம் இருக்கிறது அந்தப் பென்சில் எழுத்துல மட்டும்தான்.

படத்துல முதல்ல கூரையைப் பாருங்க. கார்மெல் மிஷன்ங்கிறது ஸ்பானியப் பாதிரியார்கள் கலிஃபோர்னியாவுல அமைச்ச பழைய மதப்பரப்பு மையம், அதோட சர்ச்தான் உங்க கார்டுல இருக்கிறது. அந்த சர்ச்சோட பழைய கூரை 1850கள்ல இடிஞ்சு விழுந்து, ரொம்ப வருஷம் உள்ள மழையும் வெயிலும் இறங்கிக்கிட்டு கிடந்துச்சு, அப்புறம் 1884ல செங்குத்தா ஒரு மரக்கூரை போட்டாங்க, அது அந்த வளைவான கல் முகப்புக்கு கொஞ்சமும் ஒட்டாது, பார்த்ததும் கண்ணை உறுத்தும். 1936ல அதை எடுத்துட்டு ஓட்டுக்கூரை போட்டாச்சு. உங்க படத்துல கூரை கூம்பா உசந்து நின்னா ஃபோட்டோ 1936க்கு முந்தினது. ஆனா ஃபோட்டோ வயசு வேற கார்டு வயசு வேற, ஒரே படத்தை வருஷக்கணக்கா அச்சடிச்சு வித்திருக்காங்க. அதனால திருப்பிப் பாருங்க: பின்பக்கம் நடுவுல கோடு போட்டு ஒரு பாதி அட்ரஸுக்கு, ஒரு பாதி சேதிக்குன்னு பிரிச்சிருந்தா 1907 மார்ச்சுக்கு அப்புறம் வந்தது, அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல அந்தப் பக்கம் அட்ரஸ் மட்டும்தான் எழுதலாம். படத்தைச் சுத்தி வெள்ளை பார்டர் இருந்தா பெரும்பாலும் 1915லேர்ந்து 1930க்குள்ள.

கலரை மட்டும் நம்பாதீங்க. லென்ஸ் வச்சுப் பார்த்தா நீல வானம் புள்ளி புள்ளியா தெரியும், கறுப்பு வெள்ளை ஃபோட்டோவுக்கு அச்சகத்துல ஏத்தின கலர் அது.

இன்னொண்ணு மனசுல இருக்கட்டும். கார்மெல்னாலே அந்த மிஷனைத் தொடங்கின பாதிரியார் ஹுனிபெரோ செர்ரா பேரைத்தான் சொல்லுவாங்க. அவர் 1784லயே இறந்துட்டார், இந்தக் கல் சர்ச் கட்ட ஆரம்பிச்சதே 1793ல. அங்க கல்லு சுமந்து சுவர் எழுப்பினது அந்த மண்ணோட பூர்வகுடி மக்கள், அவங்க பேர் எந்தக் கார்டுலயும் இல்ல.

ஃபிரேம் தாராளமா போடுங்க, ரெண்டு பக்கமும் கண்ணாடி வச்சு, வெயில் படாத சுவத்துல.

கேள்வி: அரிசோனா 'சான் சேவியர் டெல் பாக்' சர்ச் கார்டுல ஒரு கோபுரத்துக்கு மட்டும் உச்சி இல்ல. அச்சுல விட்டுப்போச்சா?
- வாசகி, டூசான்

பதில்: இல்லம்மா, சர்ச்சே அப்படித்தான். 1797ல கட்டி முடிச்சப்பவே கிழக்குக் கோபுரத்துக்கு குவிமாடம் வைக்காம விட்டுட்டாங்க. உங்க ஊர்லேர்ந்து பக்கம்தானே, அந்தக் கார்டையும் எடுத்துக்கிட்டு ஒரு நடை போய், ஃபோட்டோ எடுத்தவர் எங்க நின்னு எடுத்திருப்பார்னு தேடிப் பாருங்க.